இரண்டு மாடிக்கு நடுவே ஒரு நிமிஷம்

பெற்றோர் அவருக்கு ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. வீட்டிலும் கம்பெனியிலும் அவர் ‘ஒரு நிமிஷம்’தான். சாப்பிட வாங்க என்றால் ஒரு நிமிஷம். குழாய் சொட்டுகிறது என்றால் ஒரு நிமிஷம். மாமனார் காய்ச்சலில் படுத்திருந்தபோது, போனில் ஒரு வார்த்தை விசாரிக்கச் சொன்னதற்கும் ஒரு நிமிஷம் என்றார். அந்த நிமிஷம் முடிவதற்குள் மாமனாரே எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார் என்று மச்சினன் இன்றும் சொல்லிச் சிரிப்பான்.

தொழில், லிஃப்ட் மெக்கானிக். சும்மா சொல்லக்கூடாது, தொழிலில் கெட்டிக்காரர். கிணறு போல இறங்கும் இருட்டில், லிஃப்டின் கூரைமேல் நின்றுகொண்டு, கயிற்றுக்கு எண்ணெய் போட்டபடி பாட்டு முணுமுணுக்கிற ஆள். அப்படிப்பட்டவருக்குப் போன் மணி அடித்தால் தூக்கிவாரிப் போடும். மனைவி வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலும் அப்படியே. ஏன் என்றால், அந்த நேரத்தில் பெரும்பாலும் அவர் விளையாடிக்கொண்டிருப்பார்.

போனில் ஆடும் கோட்டை விளையாட்டு அது. முகம் தெரியாத நாலு பேர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்க வேண்டும். நடுவில் நிறுத்த முடியாது. ஒருவர் போனைக் கீழே வைத்தால் மற்ற மூவரும் தோற்பார்கள். இவர் காவல் நிற்பது வாசலில். கூட ஆடுகிறவர்கள் இவரைக் ‘கதவண்ணன்’ என்பார்கள். கதவண்ணன் இருந்தால் கவலையில்லை என்று யாரோ ஒரு பையன் காதுக்குள் சொல்லும்போது இந்த மனிதருக்கு முதுகெலும்பு நிமிரும். நியாயம்தான். வெளியே அவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஏதாவது நின்றுபோனால்தான் அவரைக் கூப்பிடுவார்கள், ஓட ஆரம்பித்ததும் மறந்துவிடுவார்கள். லிஃப்டும் அப்படி, வீடும் அப்படி.

ஆனால் ஆட நேரம் வேண்டுமே. குளியலறையில் ஆடினார், மனைவி கதவைத் தட்டி, “உள்ள தண்ணி சத்தமே கேக்கலயே, எதுல குளிக்கிறீங்க?” என்றாள். பைக்கை ஓரம் கட்டி ஆடினார்; மேனேஜர் அந்த வழியாகவே போனார். படுக்கையில் போர்வைக்குள் ஆடினார். மகள் போர்வையைத் தூக்கி, “அப்பா மூஞ்சி நீலமா எரியுது” என்று ஊரைக் கூட்டினாள். திருட்டுத்தனமாக ஆடுகிறவருக்குக் கண் பாதி ஆட்டத்தில் இருக்கும், காது முழுக்க வாசலில் இருக்கும். இந்தப் பயத்தோடே ஆடி ஆடி, கடித்துக் கடித்தே மனிதருக்கு நகம் வளரவே இல்லை.

கடைசியில் ஒரு இடம் கிடைத்தது. உலகத்தில் அதைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று நினைத்தார்.

நகர நடுவில் பழைய அலுவலகக் கட்டடம் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. உயரமான மாடிகள். மேல் இரண்டு மாடியும் வாடகைக்குப் போகாமல் காலி. பராமரிப்பு என்று வந்தால், கீழே ‘வேலை நடக்கிறது’ பலகையைத் தொங்கவிடுவார். மேல் மாடி லிஃப்ட் வாசலில் கருவிப் பையைப் பரத்தி வைப்பார். பிறகு லிஃப்டுக்குள் ஏறி, அந்த இரண்டு காலி மாடிக்கும் நடுவே நிறுத்திவிடுவார். உள்ளே பொத்தான்களுக்குக் கீழே ஒரு சாவித் துளை இருக்கிறது. சாவியைத் திருப்பினால் லிஃப்ட் நின்ற இடத்தில் நிற்கும். திரும்பத் திருப்பும்வரை வெளியே யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாது. கதவைத் திறந்தால்கூட எதிரே வெறும் சுவர். உச்சியில் மட்டும் ஒரு சாண் சந்து, மேல் மாடிக் கதவின் அடிப்பக்கம். எட்டிப் பார்க்க ஒரு ஈ காக்கை கிடையாது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிம்மதியாக ஒரு ஆட்டம்.

அந்தச் சாவி கம்பெனி அலமாரியில் இருக்கும். எடுத்தால் மேனேஜரிடம் சொல்லி எடுக்க வேண்டும், மாலையில் திருப்பித் தர வேண்டும். நினைத்த நேரம் ஆட இதெல்லாம் ஒத்துவராது. ஆகவே தனக்கென்று ஒரு கள்ளச்சாவி வெட்டிக்கொண்டார். சாவிக்கடைக்காரர் கொடுக்கும்போதே, “இது கொஞ்சம் பலமில்லாத இரும்புங்க. பதமா திருப்புங்க” என்று சொல்லித்தான் கொடுத்தார்.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை ஆட்ட மும்முரத்தில் இவர் முழங்கை அவசர மணியில் பட்டுவிட்டது. மணி ஒலிப்பது தரைத்தளத்தில், வாட்ச்மேன் மேசைக்கு மேலே. வயசான மனிதர் மூச்சு வாங்க அத்தனை படியும் ஏறி ஓடி வந்தார். இவர் சந்து வழியாகக் குரல் கொடுத்தார்: “ஒண்ணுமில்லண்ணே, டெஸ்டிங். இனிமே கீழ பலகை தொங்கும்போது மணி அடிச்சா கண்டுக்காதீங்க. எவ்ளோ அடிச்சாலும் டெஸ்டிங்தான்.” வாட்ச்மேன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டோம் என்று நம்மவருக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

மகளுக்கு மூச்சிழுப்பு உண்டு. தூசி பட்டாலோ ஓடினாலோ வந்துவிடும். வந்தால் பேச்சு நின்றுவிடும், கண் மட்டும் பேசும். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வரும். அதற்கு ஒரு இன்ஹேலர், எப்போதும் பள்ளிப் பையின் பக்கவாட்டு அறையில். மனைவி பல் மருத்துவருக்கு உதவியாள். கையுறை போட்ட கையோடு நாளெல்லாம் நாற்காலிப் பக்கம் நிற்பவள், போனை எடுக்க முடியாது. ஆகவே பள்ளியில் முதல் எண் அப்பாவுடையது. “உங்களை நம்பித்தான் கொடுத்திருக்கேன்” என்று சேர்க்கையன்றே சொல்லியிருந்தாள்.

அன்று காலை மனைவி முன்னதாகவே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். இவர் சாப்பாட்டு மேசையில் ஆட்டத்தில் இருந்தார். மகள் இன்ஹேலரை நீட்டினாள்.

“அப்பா, பையில ஜிப்பு சிக்கிக்கிச்சு. இதைக் கொஞ்சம் உள்ள வெச்சுக் குடுங்க.”

“ஒரு நிமிஷம்.”

கண்ணை எடுக்காமலே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். தெருவில் பள்ளி வண்டி ஒலி எழுப்பியது. அவள் பையை மாட்டிக்கொண்டு ஓடினாள். அவள் போய் வெகுநேரம் கழித்துத்தான் அந்த ஆட்டம் முடிந்தது.

மதியத்துக்கு முன்பே பலகையைத் தொங்கவிட்டு, லிஃப்டை நடுவில் நிறுத்தி உட்கார்ந்துவிட்டார். ஆடும்போது அழைப்பு வந்தால் திரையில் பாதியை மறைக்கும் என்று, அழைப்பே தெரியாதபடி போனில் ஒரு வசதியைத் தட்டிவைத்திருந்தார். கடுமையான ஆட்டம். மற்ற மூவரும் விழுந்துவிட்டார்கள், வாசலில் இவர் ஒருவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு காத்தார். ஜெயித்தார். “கதவண்ணே, இன்னிக்கு நீங்க இல்லன்னா அவ்ளோதான்” என்றது காதுக்குள் ஒரு குரல். சிரித்துக்கொண்டே ஆட்டத்தை மூடினார்.

மூடியதும் திரை நிறையத் தவறிய அழைப்புகள். பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம், மறுபடி பள்ளிக்கூடம், அதற்கு மேல் மனைவி. போன் சார்ஜ் சிவப்புக் கோட்டில் துடித்துக்கொண்டிருந்தது.

பள்ளி எண்ணை அழுத்தினார். உடனே எடுத்தார்கள்.

“ஹலோ, பாப்பாவோட அப்பாவா? எவ்ளோ நேரமா கூப்பிடறோம். குழந்தைக்கு...”

திரை கறுத்தது. போன் அணைந்துவிட்டது.

குழந்தைக்கு என்ன? அவர் கறுத்த திரையைப் பார்த்தார். பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டு வெளிச்சம் வரவில்லை. துள்ளி எழுந்து சாவியைத் திருப்பினார். பதமாகத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? ‘டக்’ என்று ஒரு சத்தம். தலைப்பாகம் அவர் விரலில் இருந்தது, மீதி துளைக்குள் நின்றுவிட்டது.

ஒரு கணம் நம்பவில்லை. உடைந்த துண்டை நகத்தால் நெம்பப் பார்த்தார். நகம்தான் இல்லையே. கருவி எல்லாம் மேலே, கதவுக்கு அந்தப் பக்கம், அழகாகப் பரத்தி வைத்திருக்கிறது. ஒரு ஊசியாவது இருக்காதா என்று சட்டைப்பையைத் துழாவினார். கையில் ஏதோ வழவழப்பாகத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தார்.

மகளின் இன்ஹேலர்.

நின்ற இடத்திலேயே முதுகு சுவரில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து நெஞ்சுக்கு மேலே அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார், அந்தப் பாரம்கூடத் தெரியாமல். குழந்தைக்கு என்ன என்பதற்கு இனி யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மணியை அழுத்தினார். கீழே வெகு ஆழத்தில் அது ஒலிப்பது கேட்டது. விடாமல் அழுத்தினார். லிஃப்டின் உள்கதவை இரண்டு கையாலும் பிளந்து, உச்சியில் இருந்த சந்தில் வாயை வைத்துக் கத்தினார். “அண்ணே! வாட்ச்மேன் அண்ணே!” காலி மாடி அதைத் திருப்பிச் சொன்னது, அவ்வளவுதான். நிறுத்தி மூச்சு வாங்கினார். அப்போது லிஃப்ட் கிணற்றின் அடியிலிருந்து மெல்லிய பேச்சுக்குரல் ஏறி வந்தது. யாரோ விசாரிக்கிறார்கள். வாட்ச்மேன் பதில் சொல்கிறார்.

“அது ஒண்ணுமில்ல சார். டெஸ்டிங்.”

அந்த வார்த்தையை வாட்ச்மேனுக்குக் கற்றுக்கொடுத்ததே இவர்தான். மறுபடி அழுத்தினார். நீளமாக, குட்டையாக, விட்டு விட்டு, வெறிபிடித்தவர் போல. எப்படி அடித்தாலும் அது டெஸ்டிங்தான். எவ்வளவு அடித்தாலும் என்று வேறு சொல்லி வைத்திருக்கிறாரே. முழுதாக அடைத்த பொய், ஒரு ஓட்டைகூட விடவில்லை.

பிறகு வந்த நேரம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. நேரம் காட்டவும் அந்தப் போன்தான். கண்ணை மூடினால் மகளின் கழுத்துக் குழி தெரிந்தது. யாரோ ஒரு டீச்சர் அவள் பையைக் கொட்டித் தேடுகிறார். பக்கவாட்டு அறையின் ஜிப்பு சிக்கிக் கிடக்கிறது, உள்ளே காலி. மகள் சொல்ல நினைக்கிறாள், அப்பா கிட்ட இருக்கு என்று. பேச்சு வரவில்லை. கண் மட்டும் வாசலைப் பார்க்கிறது. அவர் வாய்விட்டு அழுதார். இனி இந்த விளையாட்டைத் தொடவே மாட்டேன், இப்போதே அழித்துவிடுகிறேன் என்று யாரிடம் என்று தெரியாமல் வேண்டிக்கொண்டார். அழிப்பதற்குப் போனே செத்துக் கிடந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டபோது மணி அழுத்திய விரல் மரத்துப் போயிருந்தது.

“ஏங்க... உள்ள இருக்கீங்களா? பேசுங்க. ஏதாவது பேசுங்க.”

மனைவி. குரலே அவள் குரலாக இல்லை.

“பாப்பா எங்க?” என்றார் இவர்.

“அடிபட்டிருக்கா உங்களுக்கு?”

“பாப்பாவுக்கு என்னாச்சு? அதைச் சொல்லு.”

“இழுப்பு வந்திருச்சு. ஸ்கூல்லயே பக்கத்து க்ளினிக்குக்குத் தூக்கிட்டுப் போய் மருந்து வெச்சாங்க. நான் ஓடினேன். இப்பப் பரவால்ல. கீழ நாற்காலில உக்கார வெச்சிருக்கேன்.” அவள் மூச்சு விட்டுக்கொண்டாள். “உங்க போன் ஆஃப். கம்பெனில கேட்டா இங்கதான்னாங்க. இங்க வந்தா வண்டி நிக்குது, ஆளைக் காணோம். மேல பை மட்டும் பரப்பிக் கெடக்கு. நான் லிஃப்ட் கெணத்துக்குள்ள எட்டிப் பாக்கச் சொல்லலாம்னு...”

அவள் தன்னைக் கிணற்றின் அடியில் தேடியிருக்கிறாள் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

பின்னாலேயே வாட்ச்மேன் வந்து சேர்ந்தார். “டெஸ்டிங்னு இருந்துட்டேன் தம்பி. நீங்கதான சொன்னீங்க. இருங்க, கீழ் மாடிக் கதவைக் கம்பி விட்டு நெம்பறேன்.”

“வேணாம்ணே! அதைத் தொடாதீங்க. அதுக்குப் பின்னாடி தரை கெடையாது, நேரா அடிவரைக்கும் பள்ளம்.” இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால் அந்தக் கிழவர் கம்பியோடு போயிருப்பார். “கம்பெனிக்குப் போன் போட்டு ஆள் வரச் சொல்லுங்க. அது போதும்.”

வாட்ச்மேன் இறங்கிப் போனார். இவர் சொல்லச் சொல்ல, மனைவி கருவிப் பையிலிருந்து, வெளிக்கதவைத் திறக்கும் முக்கோணச் சாவியை எடுத்து மேல் மாடிக் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, இடையில் பையைச் செருகினாள். சந்தில் வெளிச்சம் விழுந்தது. எம்பி நின்றால் அவள் செருப்பும் தரையும் தெரிந்தன.

அப்போது படியில் இன்னொரு சத்தம் கேட்டது. மெல்ல, நின்று நின்று. காலடிக்கு நடுவே மூச்சில் ஒரு விசில். அந்த விசிலை அவர் தூக்கத்திலும் அடையாளம் கண்டுகொள்வார்.

“கீழ இருன்னு சொன்னேன்ல!” மனைவி அலறினாள். “அவ்ளோ படியும் ஏறியா வந்த?”

லிஃப்ட் ஓடியிருந்தால் ஏறியிருக்க மாட்டாள். லிஃப்ட் ஏன் ஓடவில்லை என்பது உள்ளே இருந்தவருக்குத் தெரியும். சந்தில் மகளின் பள்ளி ஷூ தெரிந்தது. பிறகு அவள் உட்கார்ந்தாள். விசில் ஏறியது, இழுத்தது, ஒரு இடத்தில் நின்று, அவருக்கு உயிர் போய் வந்த பிறகு மறுபடி ஏறியது.

“இன்ஹேலர் எங்கிட்ட இருக்கு.” கையைச் சந்து வழியாக முழங்கை வரை திணித்தார். தோல் உரிந்தது. “இந்தா. இந்தா கண்ணு, புடிச்சுக்கோ.”

சின்னச் சில்லென்ற விரல்கள் அவர் உள்ளங்கையிலிருந்து அதை எடுத்துக்கொண்டன. புஸ் என்று ஒரு சத்தம். நிசப்தம். மறுபடி ஒரு புஸ். அவர் கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே வைத்திருந்தார். விசில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைக் காதால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எப்படி உங்ககிட்ட?” என்றாள் மனைவி.

“சட்டைப்பையில இருந்துச்சு.”

“காலைல குடுத்தேன்ல,” என்றாள் மகள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. ஞாபகப்படுத்தும் குரல்தான்.

“உள்ள என்ன வேலை பண்ணிட்டிருந்தீங்க? எத்தனை தடவை கூப்பிட்டாங்க தெரியுமா?”

வேலை என்று சொல்லியிருக்கலாம். பலகை தொங்குகிறது, பை பரத்திக் கிடக்கிறது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். துளைக்குள் முறிந்து நிற்கும் சாவியைப் பார்த்தார்.

“வெளையாடிட்டிருந்தேன்,” என்றார்.

மனைவி திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். செருப்பு சந்திலிருந்து விலகிப் போய்ப் படிப்பக்கம் நின்றது. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவருக்கு முந்தைய பயமெல்லாம் வடிந்து, இப்போது புதிதாக ஒரு பயம் வந்தது. இதற்கு எந்த மணியை அழுத்துவது என்று தெரியவில்லை.

மகள் குனிந்து சந்தில் முகத்தை வைத்தாள். உதடு இன்னும் வெளுத்திருந்தது.

“ஜெயிச்சீங்களாப்பா?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அது ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று அவளுக்குப் புரிந்திருக்காது.

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கம்பெனி ஆள், கூடவே மேனேஜரின் குரல். படிப்பக்கமிருந்து மனைவி கூப்பிட்டாள், “பாப்பா, இங்க வா. அவங்க வேலை செய்யட்டும்.”

“போகாத கண்ணு,” என்றார் அவர். “அப்பா வெளிய வர்ற வரைக்கும் இங்கயே இரு.”

அவள் அம்மா பக்கம் திரும்பிப் பார்த்தாள். கையில் இன்ஹேலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவர் பக்கம் பார்க்காமலே, அதே மாதிரி கொஞ்சம் இழுத்து, அவர் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

“ஒரு நிமிஷம்ப்பா.”

ஷூ இரண்டும் சந்திலிருந்து மறைந்தன. அவர் எம்பி நின்று, முகத்தைச் சந்தில் வைத்து, வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்துவிடுவாள் என்று தெரியும். தெரிந்தும் பயமாக இருந்தது.